சிலுவைக் குறி போட்ட நிலைக்கதவு

கதவு கிறீச்சென்றது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

கும்பிடப் போகிறார் என்றே நினைத்தேன். செருப்பைக்கூட வாசல்படிக்கு வெளியே விட்டிருந்தார். என் லாட்ஜுக்கு வருகிறவர்கள் சேற்றுக் காலோடு மெத்தை வரைக்கும் போகிறவர்கள். செருப்புக் கழற்றிய ஒருவரைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

"இன்னொரு தடவை திறந்து மூடுங்க ஐயா," என்றார்.

மூடினேன். திறந்தேன். விடியக்காலை மழையில் ஊறிய தேக்கு வாசம் எழுந்தது. பனிமூட்டம் பாதி உள்ளே வந்து ரிசப்ஷன் மேஜைக்குப் பக்கத்தில் நின்றது.

"இந்தச் சத்தத்துக்கே ஒரு வயசு இருக்குங்க."

"இருக்காதுங்களா பின்னே," என்றேன், அந்தச் சத்தத்தைப் பெற்றெடுத்தவன் மாதிரி.

பெறவில்லையே தவிர, வளர்த்தவன் நான்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் சாவி வாங்கும்போது, "கதவுச் சத்தம் கேட்டீங்களா? வெள்ளைக்காரன் காலத்துச் சத்தம்" என்பேன். போனில் பிடித்துக்கொண்டு போவார்கள். கிறீச்சென்ற சத்தத்தை வைத்து அறையை நிரப்பிய ஆள் இந்த மலையிலேயே நான் ஒருவன்தான். படித்தவர்கள் யாராவது செய்து காட்டட்டும்.

பிரிப்பதும் இடிப்பதும்

லாட்ஜ் கட்டிய கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் வாசித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார்: இவ்வளவு பேசுகிறீரே, நீர் படித்தது என்ன?

மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாக முடித்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பெருமை உண்டு, பொய் கிடையாது. பொய் எங்கே சொன்னேன் என்பது கொஞ்ச நேரத்தில் வரும்.

செம்மநத்தத்தில் பிறந்து, ராகிக் களி தின்று, பலாப்பழத்தைத் தலையில் வைத்து ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்குக்கு நடந்து வந்தவன் நான். ஒருநாள் பழம் விற்று முடிந்து நிற்கையில், ஒரு பங்களாவைப் பிரிக்கக் கூலிக்கு ஆள் கேட்டார்கள். போனேன். பலாப்பழத்தைவிட ஓடு கனம் குறைவு என்று தெரிந்தது. அன்றோடு பழத்தை விட்டேன்.

அது ஒரு காலம். துரைமார்களிடமிருந்து எஸ்டேட்டை வாங்கியவர்களின் பிள்ளைகள் தலையெடுத்த நேரம். அவர்களுக்கு ஓட்டு வீடு ஆகவில்லை. பல்லி விழுகிறது, பாம்பு வருகிறது, மாமியார் வீட்டார் மதிக்கவில்லை. கான்கிரீட் மாடி வேண்டும், அதன் உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டும், தொட்டி விமானம் மாதிரி இருக்க வேண்டும். நான் வேண்டாம் என்று சொல்வேனா? நூறு வருசம் நின்ற வீட்டை நாலே நாளில் தரையோடு சமமாக்கிக் கொடுத்தேன்.

ஆனால் ஒன்று. நான் இடிப்பவன் இல்லை, பிரிப்பவன். இடிப்பவன் கையில் கடப்பாரை. பிரிப்பவன் கையில் உளி. ஓட்டை ஒவ்வொன்றாக இறக்கி, ஓட்டைத் தாங்கிய கைமரத்தைக் கழற்றி, உத்திரத்தைச் சாய்த்து, கதவையும் நிலையையும் காயம் படாமல் பெயர்த்துக் கீழே அடுக்க வேண்டும். அடுக்குகிற ஒவ்வொரு மரத்துக்கும் குறி போட வேண்டும். இல்லையென்றால் வேறு இடத்தில் மாட்டும்போது எது இடக்கால் எது வலக்கால் என்று தெரியாமல் போகும்.

மற்றவர்கள் சாக்பீஸில் நம்பர் எழுதுவார்கள். ஏற்காட்டு மழைக்குச் சாக்பீஸ் எம்மாத்திரம்? நான் உளியால் வெட்டினேன். எத்தனாவது துண்டோ அத்தனை கோடு. கோட்டுக்கு முன்னால், எந்த ஊட்டுச் சாமான் என்பதற்கு ஒரு குறி. வாசலில் பலா நின்ற பங்களாவுக்கு வட்டம். குதிரை லாயத்துக்கு லாடம் மாதிரி ஒரு வளைவு. சுவருக்குள் மறைகிற பக்கத்தில்தான் பெரும்பாலும் வெட்டுவேன். அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். எத்தனை பட்டம் வாங்கியவராக இருந்தாலும் அதற்கு என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். வந்தார்கள், பாருங்கள்.

இப்படிச் சேர்ந்த சாமானில்தான் என் லாட்ஜைக் கட்டினேன். ஓடு ஒரு பங்களா, உத்திரம் இன்னொரு பங்களா, ஜன்னல் மூன்றாவது. முகப்பில் பதித்த வருசக் கல், லாயத்துக் கல். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் என்று வெட்டியிருக்கும். என் விருந்தாளிகள் எல்லாரும் குதிரை கட்டிய கல்லுக்கு அடியில் நின்றுதான் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பொருத்தமில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

வாசல் கதவு மட்டும் பங்களாக் கதவு இல்லை.

எப்போது கட்டியதுங்க?

கண்ணை மூடிக்கொண்ட அம்மாவுக்கு வருவோம். பெயர் சுகந்தி. சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டடம் கட்டச் சொல்லிக்கொடுப்பவர். எங்கள் ஊரில் எது எது பழைய கட்டடம் என்று பார்த்துப் பட்டியல் எடுக்க வந்திருந்தார். பட்டியலில் ஏறிய கட்டடத்தை யாரும் நினைத்த மாத்திரத்தில் இடிக்க முடியாதாம். நல்ல யோசனை. நான் எல்லாவற்றையும் பிரித்து முடித்த பிறகு வந்ததுதான் ஒரு குறை.

கையில் டேப்பு, கழுத்தில் கேமரா, முழ நீளத்துக்கு ஒரு பாரம். அதில் முதல் கேள்வி, கட்டடம் எப்போது கட்டியது?

இந்தக் கேள்விக்கு எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. அது எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. வசதியானவனைக் கேட்டால், "ஐயோ, ரொம்பப் பழசுங்க" என்பான். இல்லாதப்பட்டவரைக் கேட்டால், "புது ஊடுங்க" என்பார்கள். வந்தவர்களிடம் தன் ஊட்டைப் பழசு என்று சொல்வது, கிழிந்த சேலையை விரித்துக் காட்டுவது போல. செத்தாலும் சொல்ல மாட்டார்கள். ஆகவே சுகந்தி மேடத்தின் பாரத்தில், போன வருசம் கட்டிய ரிசார்ட்டெல்லாம் துரை காலத்தது ஆயிற்று. துரை காலத்தில் தோட்டக் கூலிகளுக்குக் கட்டிய லயன் வீடெல்லாம் போன பொங்கலுக்குக் கட்டியது ஆயிற்று.

நான் எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை. "எனக்குத் தெரிஞ்ச நாள் முதலா இருக்குதுங்க" என்றேன். கட்டியவனே நான்தான் என்பதால் அது பொய்யும் இல்லை.

மேடம் நிலையின் உள்மூலையில் டார்ச் அடித்தார். அங்கே உளியால் வெட்டிய சின்னச் சிலுவை ஒன்று, பக்கத்தில் இரண்டு கோடு.

விரலால் தடவிப் பார்த்தார். வேதம் சொல்ல வந்த யாரோ தங்கியிருந்த வீடாக இருக்க வேண்டும், கோடு இரண்டும் தச்சனின் வேண்டுதலாக இருக்கலாம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே எழுதினார். அந்தச் சிலுவை நான் வெட்டியது. இரண்டு கோடு என்றால் இரண்டாவது துண்டு. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். எழுதியதை அடிக்கச் சொல்வது மரியாதை இல்லையே என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதல் பட்டியல் வந்தது. என் லாட்ஜ் முதல் தரம்.

ஒரு வாரம் நான் ஒண்டிக்கடைக்கு டீ குடிக்கப் போன நடையே வேறு. பேப்பரில் படம் வந்தது. படத்தில் கதவு தெளிவாகவும் நான் கொஞ்சம் மங்கலாகவும் இருந்தோம். இந்த ஊரில் பழைய கட்டடங்களை என்னைவிட அதிகமாகக் கலைத்தவன் கிடையாது. அவற்றைக் காப்பாற்றியவன் என்று மாலை போட்டதும் எனக்குத்தான். உழைப்புக்கு ஒருநாள் மரியாதை கிடைக்கும் என்பார்களே, இதுதான்.

ரைட்டர் ஊடு

அந்த வாரமே பிலோமினா வந்தாள்.

வெள்ளக்கடைக்குப் போகிற வழியில், காபிச் செடிகளுக்கு நடுவே, ரைட்டர் ஊடு என்று ஒன்று உண்டு. அவள் அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ஆள் கணக்கு எழுதுகிறவர். "உன் ஆயுசுக்கும், உன் மகள் ஆயுசுக்கும் இருந்துக்கோ" என்று முதலாளி வாயால் சொன்ன வீடு. காகிதம் கிடையாது. பிலோமினா மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் நாற்பது வருசம் சமைத்துவிட்டு, இப்போது அங்கே தனியாக இருக்கிறாள்.

முதலாளியின் பேரன் இடத்தை ரிசார்ட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டான். சீசன் முடிந்ததும் ஊட்டைத் தள்ளிவிட்டு அங்கே கார் நிறுத்த இடம் செய்யப் போகிறார்களாம். மேனேஜர் பையன் தன்மையாகத்தான் சொன்னானாம். சேலத்தில் ஒரு ரூம் பார்த்துத் தருகிறேன், அங்கே குளிர் இல்லை பாருங்கள் என்று. அறுபத்தைந்து வருசமாகக் குளிரில் இருக்கிறவளுக்கு எவ்வளவு பெரிய உபகாரம்.

"ஏனுங்ணா, உங்க ஊட்டைப் பழசுன்னு எழுதிட்டாங்களாமே," என்றாள். "என்ற ஊட்டையும் எழுதச் சொல்லுங்க. எழுதிட்டா தள்ள முடியாதாமா."

"மேடம் உங்க ஊட்டுக்கு வரலையா அம்மிணி?"

"வந்தாங்க." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "எப்பக் கட்டுனதுன்னு கேட்டாங்க. புது ஊடுங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"ஏன்?"

"படிச்ச அம்மா. செருப்பெல்லாம் கழட்டிட்டு உள்ள வருது. அதுகிட்ட எப்படிங்ணா பழசுன்னு சொல்றது?"

மேடத்துக்கு போன் போட்டேன். இந்த அம்மா கூச்சத்தில் அப்படிச் சொல்லிவிட்டார், பழைய வீடுதான் என்று சொல்லி போனை அவளிடம் கொடுத்தேன். மேடம் அந்த ஊட்டுப் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: முகப்பு முழுக்க ரோஸ் கலர் பாத்ரூம் டைல்ஸ், மேலே தகரம், வாசலில் பிளைவுட் கதவு. பழசு என்பதற்கு ஒரு தடயமாவது வேண்டாமா?

பிலோமினா போனை என்னிடம் கொடுத்துவிட்டு என் வாசல் கதவை ஒருமுறை பார்த்தாள். படியிறங்கிப் போனாள்.

கதவு யாருடையது

இந்த இடத்தில் வாசகர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம்.

முப்பது வருசத்துக்கு முன்னால் ரைட்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சுற்றிலும் சிமெண்டு வீடு வந்துவிட்டது, இது மட்டும் கிழடாக நிற்கிறது, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வாசலோடு திரும்புகிறார்கள் என்றார். நான் ஊட்டைச் சுற்றி வந்தேன். கதவைப் பார்த்தேன். பார்த்ததும் கண் அதிலேயே நின்றுவிட்டது. தேக்கில் கையகலப் பூ வேலை, பித்தளைக் கீல்.

பழைய கதவையும் ஓட்டையும் நான் எடுத்துக்கொள்வது, அதற்குப் பதில் புதுக் கதவும் தகரமும் முகப்புக்கு டைல்ஸும் நானே போட்டுக்கொடுப்பது என்று பேச்சு. எவனோ குளியலறைக்கு வாங்கி மிச்சப்பட்ட டைல்ஸ் என்னிடம் இருந்தது. போட்டேன். பளபளவென்று இருந்தது. வெள்ளக்கடையே மெச்சியது. ரைட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். மாப்பிள்ளை என்னவோ அப்புறமும் அமையவில்லை.

கழற்றிய கதவுக்கு ஒரு குறி வேண்டுமே. வேதக்காரர் ஊடு, ஆகவே சிலுவை.

பிலோமினா வந்துபோன நான்காம் நாள் என் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது கேட்டாள்: "கதவு யாருதுன்னு அந்த மேடத்துகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

"சொன்னா பட்டியல்ல இருந்து நம்மளை எடுத்துருவாங்க."

"எடுக்கட்டுமே. அவ மூஞ்சியைக் கழட்டிக் கொண்டாந்து நம்ம வாசல்ல மாட்டிட்டு, இப்ப அவளுக்கு மூஞ்சி இல்லைங்கறாங்க. சோறு இறங்குதா உங்களுக்கு?"

இறங்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

உளி

கடைசிப் பட்டியலுக்குப் படம் எடுக்க மேடம் மறுபடி வந்தார். செருப்பைக் கழற்றப் போனவரை வேண்டாம் என்று தடுத்தேன்.

"மேடம், அந்தச் சிலுவை நான் போட்டதுங்க."

சிரித்தார். வயசான காலத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்வார்கள் என்பது மாதிரி ஒரு சிரிப்பு. என்னைப் பற்றி அவருக்கு யாரோ சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன பெருமை எதையும் யாரும் சந்தேகப்பட்டதில்லை, முகத்துக்கு நேராக. முதன்முதலாக ஓர் உண்மையைச் சொல்கிறேன், நம்ப ஆள் இல்லை.

உள்ளே போய் உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்து வந்தேன். "நிலையோட இடக்கால்ல, சுவத்துக்குள்ள மறைஞ்ச பக்கம், இடுப்பு உசரத்துல இதே சிலுவையும் மூணு கோடும் இருக்கும். இல்லைன்னா நான் சொன்னது பொய்யிங்க."

அவர் ஐயையோ வேண்டாம் என்பதற்குள் பூச்சைக் கொத்தினேன். முதல் தரக் கட்டடத்தை உடைப்பது குற்றம் என்றார். பரவாயில்லைங்க, கட்டினவன்தானே உடைக்கிறேன் என்றேன். செங்கல் ஒன்று வெளியே வந்தது. அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தேன்.

குனிந்து பார்த்தார். சிலுவை. மூன்று கோடு.

நிமிர்ந்தார். பிறகு என் உத்திரம், ஜன்னல், ஓடு எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அப்ப இதுல எதுங்க ஐயா பழசு?"

"எல்லாமே பழசுதானுங்க. லாட்ஜ்தான் புதுசு."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. மிஷன் வீடு என்று மூன்று பக்கம் எழுதியிருந்தாராம். படிக்க நன்றாகத்தான் இருந்தது என்று ஆறுதல் சொன்னேன். அதில் இன்னும் கோபம் வந்தது. ஆனால் ஜீப்பில் ஏறியதும் டிரைவரிடம் வெள்ளக்கடைக்கு விடச் சொன்னார். மனுசி அதில்தான் உயர்ந்து நின்றார். தப்பைத் திருத்தப் பத்து நிமிசம்கூட எடுக்கவில்லை. எனக்கு முப்பது வருசம் ஆயிற்று.

ரைட்டர் ஊட்டில் ஒரு டைல்ஸைப் பெயர்த்தோம். பளபளவென்று இருக்கிறதை ஏன் உடைக்கிறீர்கள் என்று பிலோமினா சண்டைக்கு வந்தாள். உள்ளே சுண்ணாம்புக் காரை, முட்டை ஓடு மாதிரி வழவழவென்று. மேடம் வாசலை அளந்தார். என் லாட்ஜ் நிலைக்கு அங்குலம் பிசகவில்லை. நான் தகரத்துக்கு அடியில் பரணில் ஏறி, எழுபது வயசில், யார் பிடியும் இல்லாமல், கைமரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் பழங்காலத்து மர ஆணி. ஒரு மரத்திலும் என் குறி இல்லை.

"ஓட்டையும் கதவையும் தவிர, இது எவனும் பிரிக்காத ஊடுங்க," என்று மேலிருந்தே கத்தினேன். "நானே பிரிக்கலைன்னா எவன் பிரிச்சிருப்பான்?"

மேடம் புதுப் பாரத்தை எடுத்தார். ஆனால் முதல் கேள்வியைக் குடியிருப்பவர்தான் சொல்ல வேண்டும் என்றார். பிலோமினாவைப் பார்த்தார். "எப்பக் கட்டுனதுங்கம்மா?"

பிலோமினா என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அடுப்பில் கொதித்த காபித் தண்ணியை இறக்கி வைத்தாள்.

"பழைய ஊடுங்க," என்றாள். "நொம்பப் பழசு."

இரண்டு சொட்டு

சுவர் ஒத்துக்கொண்டாலும் முகப்பு வேண்டும் என்று மேடம் சொன்னார். சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அடுத்த நாள் காலையிலேயே நிலையோடு கதவைப் பெயர்த்து வேனில் ஏற்றினேன். கொண்டுபோய் நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, மதியச் சோற்றுக்கு முன்னால் முடித்தேன். சுற்றுவட்டாரத்தில் இன்னொரு பயலால் முடியாது. மேனேஜர் பையன் வந்து பார்த்தான். பட்டியல் காகிதத்தை மேடம் அவனிடம் நீட்டினார். படித்தான், போனை எடுத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய் மெதுவாகப் பேசினான். கார் நிறுத்துமிடம் இப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் வருகிறது என்று கேள்வி.

என் லாட்ஜைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாசலில் இப்போது கண்ணாடிக் கதவு. ஆளைக் கண்டால் தானே திறந்துகொள்ளும். சத்தமே போடாது. விருந்தாளிகள் மூக்கை இடித்துக்கொள்கிறார்கள், அதையும் போனில் பிடிக்கிறார்கள்.

கதவை மாட்டிய அன்று பிலோமினா நன்றி சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கென்று கேட்காதீர்கள், பழக்கம். அவள் கதவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். கிறீச்சென்றது.

மேடத்தைப் பார்த்து, "கேட்டீங்களா, அந்தக் காலத்துச் சத்தம்," என்றேன். வாய் பழகிப்போச்சு.

பிலோமினா உள்ளே போனாள். தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தாள். கீலுக்கு ஒன்றாக இரண்டு சொட்டு விட்டு, தலைப்பால் துடைத்து, கதவைத் தள்ளினாள்.

கதவு தூங்குகிற பிள்ளை திரும்பிப் படுக்கிற மாதிரி போய் மூடிக்கொண்டது.

"எங்கப்பா வாரம் தவறாம எண்ணெய் விடுவாருங்ணா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "முப்பது வருசமா காயப் போட்டு வெச்சிருக்கீங்க."